இடது விளக்கு

பகலில் கட்டுப்பல் செய்கிறேன்,
ஹற்றன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில்.
இரவில் அதே மெழுகு, அதே அரம்,
முரசுக்கு ஊற்றும் அதே இளஞ்சிவப்புப் பசை
கார் ஆகிறது.
இருபத்துநான்கில் ஒன்று.
அந்த அளவில் ஓர் ஆள்
என் சுட்டுவிரல் உயரம்.

இது ஹில்மன். இலக்கம் முப்பத்தேழு.
அறுபத்துமூன்றில் மலையேற்றப் போட்டியில் ஓடியது,
கடையில் வாங்கியபடியே ஓடவேண்டிய வகுப்பில்.
ஒரு சுரை மாற்றினாலும் வெளியே.
ஓட்டியவர் மஸ்கெலியா லொறிக் கராஜ் தேவசகாயம் பாஸ்.
சாட்சிக்கு ஒரே ஒரு படம்,
அதிலும் முக்கால்வாசி மழை.

மிச்சக் காரை நோர்வூட்டுக்குக் கீழே கண்டுபிடித்தேன்.
கோழிகள் குடியிருந்தன.
பின் இருக்கையில் ஓர் அடைக்கோழி.
வேர்னியரை நீட்டினால் கொத்தியது.
அதன் சம்மதத்தோடு கிடைத்த அளவுகள் கொஞ்சம்,
சம்மதமில்லாமல் மீதி.
கதவு, சில்லு, கண்ணாடிச் சட்டம்
எல்லாம் கம்பனி வரைபடத்தோடு ஒத்துப்போயின,
இடது விளக்கைத் தவிர.
வலதைவிட நாற்பத்தெட்டு மில்லிமீற்றர் கீழே.

எங்கேயோ மோதி இறங்கியிருக்கும் என்றார் வீட்டுக்காரர்.
கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன்.
மோதலுக்கு இவ்வளவு அழகாய்
ஒட்டு வைக்கத் தெரியாது.

பாஸ்தான் இறக்கியிருக்கிறார்.
எறிந்த வெளிச்சத்தை அப்படியே
முகத்துக்குத் திருப்பி எறிகிற பனி இங்கே.
குனிந்து பார்க்கிற விளக்குக்குத்தான்
கான் எங்கே முடிகிறது, தார் எங்கே தொடங்குகிறது
என்று தெரியும்.

நாற்பத்தெட்டு, என் மேசையில் இரண்டு.
இரண்டு மில்லிமீற்றருக்காக
மூன்று இரவு வேலை நின்றது.
நேராக வைத்தால் வரைபடம் சரி.
இறக்கி வைத்தால் கார் சரி, பாஸ் கள்ளன்.

நாலாம் நாள் பொகவந்தலாவையிலிருந்து ஒரு டீச்சர்.
மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில்
பழைய இடைவெளி அப்படியே வேண்டும் என்றார்.
அது இல்லாமல் சிரித்தால்
வேறு யாரோ சிரிக்கிற மாதிரி இருக்குமாம்.
இடைவெளி வைத்துக் கொடுத்தேன்.
அன்றிரவு விளக்கை இறக்கினேன்.
ஒட்டையும் வைத்தேன், ஒரு மயிரிழை ஈயத்தில்.

பிறகு நிறம். அதற்கும் அளவு உண்டு.
அசல் பச்சையைச் சின்னக் காருக்குப் பூசினால்
கறுத்துப்போகும்.
தூரத்தையும் கொஞ்சம் கலக்கவேண்டும்:
பத்துத் துளிக்கு ஒரு துளி வெள்ளை.
ஜன்னலைத் திறந்து வைத்தால்
அதுவாகவே கலந்துவிடும் போலிருந்தது.

ஏப்ரலில் நுவரெலியாவில் கண்காட்சி.
கொழும்பு நடுவர் குனிந்தார், நிமிர்ந்தார்,
இரண்டு புள்ளி வெட்டினார்.
'இடது விளக்கு கோணல்.'
நான் வாயைத் திறக்கவில்லை.
திறந்திருந்தால் புள்ளி வந்திருக்கும்,
பாஸுடைய கிண்ணம் போயிருக்கும்.

மண்டபம் காலியாகிற நேரம் ஒருவர் வந்தார்.
கம்பளித் தொப்பி, கையில் பூதக்கண்ணாடி.
மர்வின் பர்த்தலமியூஸ், அன்றைக்கு இரண்டாமிடம்.
கண்ணாடி விளக்கருகே போய் நின்றது,
ஒட்டுக்கு இறங்கியது,
அங்கேயே இருந்தது.
"நாலு தசம்," என்றார். "நாலு தசம் செக்கன்!
அந்த மனுசனுக்கு மட்டும் எப்படிப் பாதை தெரிஞ்சதென்று
அறுபது வருசமா..."
கோபம் வரும் என்று நின்றேன்.
தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு,
"என்ட காரையும் செய்வியா மகள்? நாற்பத்தொன்று.
ஒரு விசயம் மட்டும்.
பொனட்டை உள்பக்கமா அமிலம் வைச்சுக் கரைச்சிட்டம்.
பாதித் தடிப்புத்தான். பாரம் குறைய."

காகிதத்தில் கணக்குப் போட்டேன்.
என் அளவில் அந்தத் தகடு
வெங்காயத் தோலைவிட மெல்லிசு.
"அப்படிச் செய்தாலும்
ஒருத்தருக்கும் தெரியாதே, ஐயா."

"தெரியக்கூடாது என்றுதானே செய்தோம்."

இப்போது ஒரு மணி.
தண்ணீர் தொட்டுத் தொட்டு
உப்புத்தாளால் உள்பக்கம் தேய்க்கிறேன்.
இரண்டு பொனட் ஏற்கெனவே ஓட்டையாகிவிட்டன.
மேசை மூலையில் பெரிய கிளாக்கரின் மேல்வரிசை,
திங்கட்கிழமை கொடுக்கவேண்டும்,
இன்னும் மெருகேற்றவில்லை.